பாக்கி இருந்த நகர்வு

குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரேனை வென்று உலகச் சாம்பியன் ஆனாரே, அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் சதுரங்கப் பலகை விரித்தபடியே கிடக்கிறது. பத்து வயதுப் பேரன் வாரத்தில் இரண்டு நாள் வகுப்புக்குப் போகிறான். வந்ததும் என்னோடு ஒரு ஆட்டம். வெள்ளைக்காய் எப்போதும் அவனுக்கு, கறுப்பு எனக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை என் மூன்றாவது நகர்விலேயே கையை நீட்டித் தடுத்துவிட்டான்.

“தாத்தா, இது தப்பு. ராஜா பக்கத்து மந்திரிக்கு முன்னாடி இருக்கிற சிப்பாயை ஆரம்பத்துல தொடவே கூடாதுன்னு சார் சொல்லியிருக்கார்.”

“தெரியும்டா கண்ணு. அம்பது வருஷமாத் தெரியும்.”

“அப்புறம் ஏன் ஆடுறீங்க?”

அவனுக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். உங்களுக்குக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். புரியும்.

நான் சதுரங்கம் கற்றது பள்ளியில் அல்ல, எதிர் வீட்டுத் திண்ணையில். அந்த வீட்டுக்காரர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரிக்காரர்களுக்குச் ‘சொல்தா’ என்றால் போதும், விளக்கம் வேண்டாம். எங்களுக்கு அவர் சொல்தா மாமா. சைகோனில் பாசறையில் இருந்தபோது பொழுது போகாமல் கற்றுக்கொண்டாராம். அவருடைய மகனும் நானும் ஒரே பிரெஞ்சுப் பள்ளியில், ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவன் என்னைவிட மூன்று மாதம் மூத்தவன். அந்த உரிமையில் வெள்ளைக்காயை எப்போதும் அவனே எடுத்துக்கொள்வான். அன்று தொடங்கியதுதான் எனக்குக் கறுப்பு.

மாமா ஆட்டத்தை பிரெஞ்சில்தான் நடத்துவார். நம் யானை அவருக்குக் ‘தூர்’, அதாவது கோபுரம். குதிரை ‘கவாலியே’, குதிரை வீரன். நாம் மந்திரி என்று மரியாதையாகச் சொல்வதை அவர்கள் ‘ஃபூ’ என்பார்கள். ஃபூ என்றால் பைத்தியக்காரன், அரசவைக் கோமாளி. பிற்காலத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு தள்ளியவன் என்ற முறையில் இதைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருப்பதால் அவற்றை வெளியில் சொல்வதில்லை.

ராஜாவைத் தாக்கினால் மாமா ‘எஷெக்!’ என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவார். பள்ளியில் தேர்வில் தவறினால் மிசியே சொல்வதும் அதே ‘எஷெக்’தான். ராஜாவுக்கு வரும் ஆபத்துக்கும் மனிதனுக்கு வரும் தோல்விக்கும் அந்த மொழியில் ஒரே சொல்.

கறுப்பில் நான் ஆடிய ஆட்டத்துக்கு ‘பிலிதோர்’ என்று பெயர் என்பதையும் மாமாதான் சொன்னார். ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளை, ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறது. நாமும் அப்படியே தள்ளுகிறோம். அடுத்து வெள்ளைக் குதிரை வெளியே வந்து நம் சிப்பாயை மிரட்டும். பெரும்பாலானவர்கள் ராணிப் பக்கத்துக் குதிரையைக் கொண்டுவந்து அதற்குக் காவல் வைப்பார்கள். பிலிதோர் முறையில் அப்படியில்லை. ராணிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி, அதைக் காவல் வைக்க வேண்டும். அடக்கமான ஆட்டம். இடம் குறைவு, காய்கள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் சீக்கிரம் உடையாது. என் சுபாவத்துக்குச் சரியாக இருந்தது.

பிலிதோர் யார் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1726-இல் பிரான்சில் பிறந்தவர். பிழைப்புக்குச் சங்கீதம். ஓப்பராக்கள் எழுதியவர். சதுரங்கத்தில் அந்தக் காலத்தில் அவரை வெல்ல ஆள் இல்லை. பலகையைப் பார்க்காமலேயே ஆடிக் காட்டுவார். சதுரங்கத்தைப் பற்றிய அவருடைய புத்தகம் 1749-இல் லண்டனில் பிரெஞ்சு மொழியில் அச்சானது. அந்த வருடம் நம் ஊரில் துய்ப்ளேக்ஸ் கவர்னர். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அதே வருடத்தில் ஒரு பாட்டுக்காரர், சிப்பாய்கள்தான் சதுரங்கத்தின் உயிர் என்று எழுதி வைத்தார். அதுவரை சிப்பாயை எவரும் அவ்வளவு பொருட்படுத்தியதில்லை.

புரட்சி வந்தபோது அவர் லண்டனில் இருந்தார். நாட்டை விட்டுப் போனவர்களின் பட்டியலில் அவர் பெயரும் ஏறிவிட்டது. ஊர் திரும்ப முடியாமல் 1795-இல் அங்கேயே இறந்தார்.

பட்டியல் என்றதும் 1962 நினைவுக்கு வருகிறது. ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. சொல்தா மாமா வீட்டில் இது ஒரு பேச்சே இல்லை. அவர்கள் பிரெஞ்சுக்காரர்களாகவே இருந்தார்கள். எங்கள் அப்பா யோசித்தார். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவோடு அதைப் பற்றியே பேசுவார். ஆறு மாதமும் யோசித்தார். பிப்ரவரி பிறந்து கெடு முடிந்தது. அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வேண்டாம் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. கெடுவைப் போக விட்டார், அவ்வளவுதான்.

1968-இல் நண்பன் கப்பலேறினான். முதலில் கட்டாய ராணுவ சேவை, பிறகு அங்கேயே உத்தியோகம். நான் பிரெஞ்சில் படித்த படிப்பை வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் நடக்கும் அலுவலகத்தில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தேன். முதல் ஆண்டு ஒரு குறிப்பு எழுதுவதற்குள் வியர்த்துவிடும். சிறு தவறுக்கும் கோப்பு திரும்பி வரும். அதனால் யாரும் கேள்வி கேட்க முடியாத வாசகங்களாகப் பார்த்து எழுதப் பழகினேன். நல்ல எழுத்தர் என்று பெயர் வந்தது.

நானும் அவனும் கடிதத்தில் ஆடத் தொடங்கினோம். வான்வழிக் கடிதம் போகப் பத்துப் பன்னிரண்டு நாள், பதில் வர அதே அளவு. ஒரு ஆட்டம் முடிய இரண்டு வருடம்கூட ஆகும். அஞ்சல் செலவை மிச்சப்படுத்த, ‘நீ இதை ஆடினால் நான் அதை’ என்று இரண்டு மூன்று நகர்வுகளைச் சேர்த்தே எழுதுவோம். மீதி இடத்தில் ஊர்ச் செய்தி. மேரி கட்டடத்துக்கு வெள்ளையடித்தது, யார் வீட்டில் கல்யாணம், கடற்கரையில் எந்தக் கடை போனது, எல்லாம் அவனுக்கு வேண்டும். அங்கே பனி விழுவதைப் பற்றி எழுதுவான். நான் அதைத் திண்ணையில் சொல்தா மாமாவுக்குப் படித்துக் காட்டுவேன்.

மூன்று ஆட்டம் முடிந்தது. மூன்றிலும் நான் கறுப்பு, மூன்றிலும் பிலிதோர். ஒன்று சமன், இரண்டு தோல்வி. மூன்றாவது முடிந்ததும் அவன் எழுதினான்: “நீ ஆடுவது சதுரங்கம் இல்லைடா. ஆபீஸ்.”

எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த வாரமே ரோமன் ரோலண்ட் நூலகத்துக்குப் போய் பிரெஞ்சுச் சதுரங்கப் புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினேன். அதில்தான் பிலிதோரின் இன்னொரு முகம் தெரிந்தது. அடக்கமாக ஒரு கட்டம் நகர்த்துவது அவருக்கு வெறும் தயாரிப்புதானாம். அடுத்து வெள்ளை, ராணியின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி நடுப்பகுதியைப் பிடிக்க வரும்போது, கறுப்பு பின்வாங்கக் கூடாது. ராஜா பக்கத்து மந்திரிக்கு முன்னால் இருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் எறிய வேண்டும். குதிரை வெளியே வந்து தன் சிப்பாயின் வழியை அடைத்துக்கொள்வது தவறு என்பது அவர் கட்சி. அந்தத் தவறுக்கு வெள்ளைக்குக் கொடுக்கும் தண்டனை இந்தச் சிப்பாய்.

ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. அந்தச் சிப்பாய் நம் ராஜாவின் வாசற்கதவு. அது போய்விட்டால் குறுக்குச் சாய்வில் வெள்ளை ராணி நேராக ராஜா முகத்துக்கு வந்து நிற்கலாம். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் இதை ஆடுவதில்லை. ஆனால் 1858-இல் லண்டனில் பால் மார்ஃபி, இருபத்தோரு வயது அமெரிக்கர், ஹென்றி பேர்டுக்கு எதிராகக் கறுப்பில் இதை ஆடி வென்றிருக்கிறார். ஒரு யானையைக் கொடுத்து வெள்ளை மந்திரியை வழியிலிருந்து விலக்கிவிட்டு, பலகையின் ஒரு ஓரத்தில் நின்ற ராணியை மறு ஓரம் வரை ஒரே வீச்சில் கொண்டுபோவார். அதே ஆண்டு பாரிஸ் ஓப்பரா மாளிகையில் ஒரு பிரபுவும் ஒரு கோமகனும் சேர்ந்து, எனக்குப் பழக்கமான அடக்கமான பிலிதோரை அவருக்கு எதிராக ஆடினார்கள். பதினேழே நகர்வில் அவர்கள் ராஜா விழுந்தது. இரண்டையும் அடுத்தடுத்த நாளில் வீட்டில் காய் வைத்துப் பார்த்தேன். இரண்டு இரவு தூக்கமில்லை.

1976-இல் நான்காவது ஆட்டம். மூன்றாவது நகர்வாக அந்தச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி எழுதி அனுப்பினேன். அஞ்சல் பெட்டியில் போட்டுவிட்டுக் கை நடுங்கியது என்றால் சிரிப்பீர்கள்.

அந்தக் கடிதம் போன மறுவாரம் அம்மாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை என்றார்கள். எனக்குச் சம்பள விகிதம் 260-400. கையில் ஒன்றும் இல்லை. நான் நண்பனிடம் கேட்கவில்லை. மாமா எழுதியிருக்க வேண்டும். ஒரு நாள் மாலை மாமா வந்து, “பையன் கொடுக்கச் சொன்னான்” என்று உறையை நீட்டினார். ஆயிரம் ரூபாய். ஏறத்தாழ என் மூன்று மாதச் சம்பளம். அம்மா பிழைத்தார். அதற்குப் பிறகு பதினோரு வருடம் இருந்தார்.

இரண்டு வாரம் கழித்து அவனுடைய கடிதம். நான்காவது நகர்வு: ராணிப் பக்கத்துக் குதிரையை வெளியே கொண்டுவந்திருந்தான். கீழே இரண்டு வரி. “கடைசியில் துணிந்துவிட்டாயே! பணத்தைப் பற்றி நினைக்காதே.”

நினைக்காதே என்றால் நினைக்காமல் இருக்க முடியுமா? முதலில் ஒரு இருநூறாவது மாமாவிடம் கொடுத்துவிட்டுப் பதில் எழுதலாம் என்று இருந்தேன். அதற்குள் தங்கைக்கு வரன் அமைந்தது. கல்யாணம் முடிந்து கடன் அடைத்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். ஆறு மாதம் ஆயிற்று. ஒரு வருடம் ஆயிற்று.

அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். தாமதமான கோப்பைத் திறந்தால் முதலில் தாமதத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். அந்த விளக்கத்துக்குச் சரியான வாசகம் கிடைக்காததால் கோப்பு இன்னும் தாமதமாகும். ஒரு கட்டத்துக்கு மேல் அதைத் தொடவே கை வராது. அலமாரியின் அடியில் தள்ளிவிட்டு அது இல்லை என்று நினைத்துக்கொள்வோம். அவன் கடிதத்தைச் சதுரங்கக் காய்கள் வைக்கும் பெட்டிக்குள் வைத்தேன். பிறகு அந்தப் பெட்டியையே எடுப்பதில்லை.

இரண்டு முறை அவன் கடிதம் போட்டான். பிறகு நின்றுவிட்டது. 1979-இல் மாமா வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனிடம் போனார். புறப்படும்போது திண்ணையில் என் தோளைத் தட்டி, “அவனுக்கு ஒரு வரி எழுது” என்றார். சரி மாமா என்றேன். இரண்டு வருடம் கழித்து அவர் அங்கேயே இறந்துபோனதாகத் தெருவில் சொன்னார்கள். அப்போதும் நான் எழுதவில்லை.

2006, ஜூலை 14. வழக்கம்போல் கடற்கரையில் மாலை நடை. பிரெஞ்சுப் போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்து, பழைய சொல்தாக்கள் பதக்கங்களோடு நின்றுகொண்டிருந்தார்கள். கூட்டத்தின் ஓரத்தில் வழுக்கைத் தலையோடு ஒருவர். நிற்கும் விதம் அப்படியே மாமா. நான் சட்டென்று திரும்பி வேறு பக்கம் நடந்தேன். உண்மையைத்தானே எழுத வேண்டும்? முப்பது வருடம் கழித்துப் பார்த்த நண்பனிடமிருந்து நான் முதலில் செய்தது ஓடியதுதான்.

பத்தடி போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது. “எஷெக்!”

மறுநாள் அவன் தங்கியிருந்த இடத்துக்குப் போனேன். கையில் ஒரு உறை. ஆயிரம் ரூபாய்க்கு முப்பது வருட வட்டியை வருங்கால வைப்பு நிதிக் கணக்குப்படி போட்டு, தனித் தாளில் எழுதி இணைத்திருந்தேன். எழுத்தர் புத்தி. அவன் அந்தத் தாளை முழுவதும் படித்தான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“அம்மாவுக்குக் கொடுத்ததுக்கு நீ ஏண்டா வட்டி போடுறே? அப்பா செத்தப்போ உன்கிட்டேயிருந்து ஒரு கடிதாசி வரும்னு பாத்தேன். ஒரு வருஷம் பாத்தேன்.”

எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவன் உறையைப் பிரித்து, ஆயிரம் ரூபாயை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியை என் பக்கம் தள்ளினான். அவன் வேண்டாம் என்று பெருந்தன்மையாகத் திருப்பியிருந்தால் நான் இன்னொரு முறை அவன் முகத்தில் விழித்திருக்க மாட்டேன். அது அவனுக்குத் தெரிந்திருந்தது.

“பணம் தீர்ந்துது. நீ எனக்கு ஒரு நகர்வு பாக்கி” என்றான்.

சாயங்காலமே காய்ப்பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு போனேன். நீலநிறக் கடிதம் உள்ளேயே இருந்தது. நான்காவது நகர்விலிருந்து தொடங்கினோம். நான் மார்ஃபி ஆடியபடியே ஆடினேன். வெள்ளைச் சிப்பாயை வெட்டினேன், அவன் குதிரையால் வெட்டினான், நான் ராணியின் சிப்பாயை முன்னே தள்ளி அந்தக் குதிரையை மிரட்டினேன். பேர்டு அந்த இடத்தில் குதிரையைப் பின்னால் இழுத்தார். இவன் இழுக்கவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு குதிரையால் நடுச் சிப்பாயைத் தூக்கினான். நான் மகிழ்ச்சியாக முதல் குதிரையை வெட்டியதும் அவன் ராணி குறுக்கே பறந்து வந்தது. கதவு இல்லாத வாசல்! எஷெக். நடுவில் சிப்பாயை வைத்து மறைத்தேன். குதிரை அதையும் தின்றது. அந்தக் குதிரையை வெட்டினால் ராணி என் யானையை எடுத்துக்கொள்வாள்.

“முப்பது வருஷமா யோசிச்சு வெச்சிருக்கேன்” என்றான். அப்போதுதான் சிரித்தான்.

இருபத்திரண்டாவது நகர்வில் எனக்கு மாத்.

இப்போது அவனுக்கும் எனக்கும் எழுபத்தைந்து தாண்டிவிட்டது. ஞாயிறு இரவு கைபேசியில் அழைப்பான். கண் மங்கிவிட்டதால் பலகையைத் தடவிப் பார்த்து ஆடுகிறான். வாரத்துக்கு இரண்டு மூன்று நகர்வு. வெள்ளை அவனுக்கு. நான் இன்றுவரை அதே சிப்பாயைத்தான் இரண்டு கட்டம் தள்ளுகிறேன். ஆட்டத்துக்கு நல்லதல்ல. பேரனின் கைபேசியில் இருக்கும் செயலியும் வெள்ளைக்குத்தான் சாதகம் என்று உடனே சொல்லிவிடுகிறது. இதுவரை இருபது ஆட்டத்தில் மூன்று வென்றிருப்பேன். அந்த மூன்றையும் அவன் ஒப்புக்கொள்வதில்லை, கண் தெரியாததால் தோற்றேன் என்கிறான்.

பேரனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “இந்தச் சிப்பாயைத் தள்ளினதுல தப்பு இல்லடா. தள்ளிட்டு அடுத்த நகர்வு ஆடாம இருந்தேன் பாரு, அதுதான் தப்பு.”

அவனுக்குப் புரியவில்லை. “உங்க டேர்ன் தாத்தா, சீக்கிரம்” என்றான்.

ஆடினேன். உங்களில் யாருக்காவது பெட்டிக்குள் ஒரு கடிதம் கிடந்தால், விளக்கம் எழுத வேண்டாம். முதலில் பதிலைப் போடுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.